ஏறின விலை... ஏறாத வாடகை!

புதுக்கோட்டையில் ஒரு வீட்டின் இன்றைய விலையைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். பழைய விலை? அது எல்லோருக்கும் தெரியும்.

நம்பிக்கை இல்லையென்றால் பிருந்தாவனம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று, "இங்கே ஒரு வீடு விலைக்குப் பார்க்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். டீ ஆற்றுகிறவர், வடையைப் பேப்பரில் ஒற்றி எண்ணெய் எடுக்கிறவர், அடுத்தவர் தினசரியில் நடுப்பக்கத்தை மட்டும் இரவல் வாங்கிப் படிக்கிறவர் - மூன்று பேரும் ஒரே சுருதியில் ஆரம்பிப்பார்கள்.

"போன வருஷம் வந்திருக்கணும் ஸார் நீங்க!"

போன வருஷம் போயிருந்தால், அதற்கு முந்தின வருஷத்தைச் சொல்லியிருப்பார்கள். இந்த ஊரின் தெருக்களை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக அமைத்ததாகப் பேர் வாங்கியவர் திவான் சேஷையா சாஸ்திரி. 1878-ல் பதவிக்கு வந்தவர். அவர் காலத்திலேயே யாராவது ராஜவீதியில் மனை விசாரித்திருந்தால், "என்னங்க, தெருப் போடறதுக்கு முன்னாடியில்ல வந்திருக்கணும்!" என்று ஒருவர் சொல்லியிருப்பார். சந்தேகமே வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், நானும் ஒரு வீடு பார்த்தேன். குடியிருக்க அல்ல. வாடகைக்கு விட. அதாவது மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிற ஒரு ஆசாமி, மாதாமாதம் வாடகை வாங்குகிற ஆசாமியாக மாறப் பார்த்தேன். இந்திய நடுத்தர வர்க்கத்தில் இதைவிடப் பெரிய பிரமோஷன் கிடையாது.

ராஜகோபாலபுரத்தில் மூன்று சென்ட் இடம். கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன். இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள். 2023-ல் புரோக்கர் அண்ணன் முதன்முதலாக இதைக் காட்டியபோது விலை 30 லட்சம். அப்போது தங்கை கல்யாணக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டை வெளியிலிருந்து பார்த்து, "காம்பவுண்டுச் சுவர் நல்லாயிருக்கு" என்று பாராட்டிவிட்டு வந்தேன். பாராட்ட மட்டும்தான் கையில் இருந்தது.

இப்போது கடன் தீர்ந்து, கையில் 9 லட்சம் சேர்ந்து, அதே வீடு மறுபடியும் வந்தது. விலை 38 லட்சம்.

"எட்டு லட்சம் ஏறிப்போச்சேண்ணே?"

"தம்பி, அப்ப இது முனிசிபாலிட்டி. இப்ப கார்ப்பரேஷன்!" என்றார் புரோக்கர் அண்ணன். அவரே கையெழுத்துப் போட்டு உத்தரவு கொடுத்த மாதிரி ஒரு கம்பீரம்.

* * *

அவர் சொன்னது நிஜம்தான். 2024 ஆகஸ்டில் காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலையோடு சேர்ந்து புதுக்கோட்டையும் மாநகராட்சி ஆனது. போர்டில் எழுத்து மாறியது. புரோக்கர்கள் நோட்டிலும் எழுத்து மாறியது.

ஆனால் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். இந்த இரண்டு வருஷத்தில் விலை 30-லிருந்து 38-க்குப் போயிருக்கிறது. நூற்றுக்கு 27 ஏற்றம். வாடகை? அப்போது இரண்டு போர்ஷனும் சேர்ந்து 10,500. இப்போது 12,000. நூற்றுக்கு 14. ஒரே வீடு, ஒரே சுவர், ஒரே முருங்கை மரம். விலை மட்டும் எக்ஸ்பிரஸ், வாடகை பாசஞ்சர்!

ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் லேசாகப் பிடிபடுகிறது. விலையை ஏற்றுவது நம்பிக்கை. வாடகையை ஏற்றுவது சம்பளம்.

2017-ல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதனால் நர்ஸ்கள், டெக்னீஷியன்கள், மாணவர்கள் என்று மாதாமாதம் வாடகை தரக்கூடிய நிஜமான மனிதர்கள் வந்தார்கள். ஆட்கள் வந்தால் அந்தப் பக்கம் வாடகைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊர் மாநகராட்சி ஆனதால் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவருக்கு மறுநாளே சம்பளம் கூடாது. அவர் கொடுக்கிற வாடகையும் கூடாது. 'நாளைக்குக் கூடும்' என்கிற நம்பிக்கையை மட்டும் விற்கிறவர் இன்றைக்கே காசாக்கிவிடலாம். அந்த நம்பிக்கைக்குத்தான் என்னிடம் 8 லட்சம் கேட்டார்கள்.

இந்த மாவட்டத்துக்காரனுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருமயம் பக்கம் கடியாபட்டி, ராயவரம் என்று சைக்கிளில் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்து, தேக்குமரம் இறக்கி நகரத்தார் கட்டிய வீடுகள். இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. விலை சொல்ல ஆரம்பித்தால் நமக்கு மூச்சு வாங்கும். ஆனால் பல வீடுகளில் வருஷத்தில் பாதி நாள் பூட்டு. அவற்றில் ஒன்றிரண்டு இன்று ஹெரிடேஜ் ஹோட்டலாகி, வெள்ளைக்காரர் வந்து தங்கி, காசு பார்க்கின்றன. மற்றவை அப்படியே நிற்கின்றன. எவ்வளவு பெரிய வீடானாலும் அதில் தங்குகிற ஆள் கொடுக்கிற காசுதான் அதன் வருமானம். தேக்கு தூண் வாடகை தராது.

* * *

ஆபீஸில் மத்தியான இடைவேளையில் கால்குலேட்டரை எடுத்தேன். நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நம் ஆபீஸ்களில் ஒருத்தன் வேலைக்காகக் கால்குலேட்டரைத் தொட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டுக் கணக்கு என்றால் மானேஜர் உட்பட எட்டிப் பார்ப்பார்.

விலை 38 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் இதுவே 3 லட்சத்து 42 ஆயிரம். வக்கீல், பத்திரம் எழுதுகிறவர், புரோக்கர் அண்ணன் என்று இன்னொரு அறுபதாயிரம். ஆகமொத்தம் 42 லட்சம்.

"பெண்கள் பேரில் பதிஞ்சா 1 சதவீதம் குறைவாமே ஸார்?" என்றார் ஒரு நண்பர்.

உண்மைதான். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்தச் சலுகை உண்டு. ஆனால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும். 10 லட்சத்துக்கு எங்கள் வீட்டில் மாடிப்படியை வேண்டுமானால் சகதர்மிணி பேரில் எழுதலாம்.

இப்போது வரவு. மாதம் 12,000 என்றால் வருஷம் 1,44,000. வருஷத்தில் ஒரு மாதமாவது ஒரு போர்ஷன் காலியாகும் அல்லது வாடகை இழுக்கும் என்று 12,000 கழித்தேன். சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் காயில், ஒழுகும் குழாய் என்று 20,000. கையில் நிற்பது 1,12,000. போட்ட பணம் 42 லட்சம். நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு கூட முழுசாக வரவில்லை. அதே பணத்தை பாங்கில் டெபாசிட் போட்டால் ஆறு, ஆறரை வட்டி வரும். நடுராத்திரி போன் செய்து "தண்ணி வரல ஸார்" என்றும் சொல்லாது.

அடுத்தது லோன். 30 லட்சம், 8 சதவீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை 25,100. வருகிற வாடகை 12,000. மிச்சம் 13,100 என் சம்பளத்திலிருந்து போகும். இதற்கு மேல் நான் குடியிருக்கிற வீட்டுக்கு 7,000 வாடகை தனி.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 2023-ல் 30 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். அப்போது ரிசர்வ் பாங்கின் ரெப்போ விகிதம் 6.5 சதவீதத்தில் இருந்தது. வீட்டுக் கடன் வட்டி 9 என்று வைத்தால், 24 லட்சம் லோனுக்குத் தவணை 21,600. வாடகை 10,500. கைப்பணம் 11,100 போயிருக்கும்.

அதாவது எல்லோரும் 'ஐயோ விட்டுட்டியே' என்று உச்சுக்கொட்டுகிற அந்தப் பழைய விலையிலும் வாடகை தவணையில் பாதியைத்தான் சுமந்திருக்கும். 2025-ல் ரெப்போ படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 ஆனது, வட்டி குறைந்த அந்த லாபம் முழுவதையும் விலை ஏற்றம் தின்றுவிட்டது. 30 என்பது மலிவு என்று நினைக்க வைப்பது 38 என்கிற எண்தான். வாடகையைக் கேட்டால் அது இரண்டையும் பார்த்துத் தலையை ஆட்டுகிறது.

* * *

"தம்பி, நீங்க வட்டிக் கணக்கே பாக்குறீங்க. மண்ணு ஏறினது எறங்கின சரித்திரமே கெடையாது" என்றார் புரோக்கர் அண்ணன்.

சரித்திரம் கொஞ்சம் வேறு மாதிரி. ஜப்பானில் 1991 வாக்கில் நிலவிலை உச்சிக்குப் போனது. டோக்கியோ அரண்மனை வளாகத்தின் விலைக்குக் கலிஃபோர்னியா மாகாணத்தையே வாங்கலாம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட பதினைந்து வருஷம் விலை இறங்கிக்கொண்டே இருந்தது. (நம் ஊர் அரண்மனையில் கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. அதை விலை பேச முடியாதோ, பிழைத்தோம்!)

ஜப்பான் தூரம் என்றால் நம் தமிழ்நாடு. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. அதே வருஷம் நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது. 2017 ஜூனில் அரசாங்கமே வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. சாலையோரம் கலர் கலராகக் கொடி நட்டு, வேன் வைத்து ஆள் கூட்டி வந்து, பிரியாணி போட்டு மனை விற்றவர்கள் அந்தச் சமயத்தில் என்ன பாடுபட்டார்கள் என்று புரோக்கர் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்கு ஏற்றப்பட்டது. 2024 ஜூலையில் மறுபடி மாற்றினார்கள். ஏறும், இறங்கும், சில சமயம் பத்து வருஷம் அப்படியே உட்கார்ந்திருக்கும். நாம் தவணை கட்டுகிற வருஷத்தில் எது நடக்கும் என்பதுதான் கேள்வி.

ஏறின விலைக்கு இன்னொரு குணம் உண்டு. அது பத்திரத்தில் ஏறாது.

"22-க்குப் பத்திரம் போட்டுக்குவோம் தம்பி. மிச்சம் 16 கையில குடுத்துருங்க. உங்களுக்கும் பதிவுச் செலவு மிச்சம்" என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

எனக்கு என்ன மிச்சம் என்று பார்த்தேன். பாங்க் பத்திரத்தைப் பார்த்துத்தான் லோன் தரும். 22 லட்சத்துப் பத்திரத்துக்கு 30 லட்சம் கொடுக்க அது என் மாமனார் இல்லை. ரொக்கமாகப் 16 லட்சத்துக்கு நான் எங்கே போவது? அதோடு 2015 ஜூனிலிருந்து வீடு, நிலம் விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் விதி வந்தது. நாளை நான் விற்கும்போதோ, வாங்கிய விலை 22 என்றுதான் காகிதம் சொல்லும். லாபம் அதிகம் என்று வரியும் அதிகமாகும். விற்கிறவர் மிச்சப்படுத்துகிற வரியை நான் பின்னால் சேர்த்துக் கட்ட வேண்டும். "முழுசும் வெள்ளைண்ணே" என்றேன். அண்ணன் முகத்தில் லேசாகக் கறுப்பு.

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை உள்ளே போய்ப் பார்த்தேன். வாடகை வீட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். குடியிருக்கிறவரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் இன்னும் அதிகம் தெரியும்.

கீழ் போர்ஷன்காரர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். ஒன்பது வருஷமாக இங்கேதான். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தது பத்தாவது. வாடகை 5,500.

"கஜா அடிச்சப்ப மாடித் தண்ணித் தொட்டி பறந்து போய் எதிர்வீட்டு வேம்புல மாட்டிக்கிச்சு ஸார்" என்றார். 2018 நவம்பர் 16-ம் தேதி. இந்த மாவட்டத்தில் அந்தத் தேதியை யாரும் காலண்டரில் பார்த்துச் சொல்வதில்லை. "அப்ப விட்ட விரிசல்தான் இது" என்று சமையலறை மூலையைக் காட்டினார். புரோக்கர் அண்ணன் அதுவரை அந்த மூலையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தது அப்போதுதான் புரிந்தது.

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். "அண்ணே, நீங்க வாங்கினா எங்களை இருக்க விடுவீங்களா?"

காபி சூடாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஊதுகிற சாக்கில் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ஏனென்றால் புரோக்கர் அண்ணன் வரும்போதே ஒரு யோசனை சொல்லியிருந்தார். "கீழ ஆளை மாத்துங்க தம்பி. பெயிண்ட் அடிச்சு விட்டா 9,000 போகும்." வீட்டில் இன்னொரு யோசனை. "நாமே கீழ் போர்ஷனுக்கு வந்துட்டா 7,000 வாடகை மிச்சம்தானேங்க?" என்றாள் சகதர்மிணி. கணக்குப் பார்த்தேன். எங்கள் வாடகை 7,000 மிச்சம், இவர்கள் தருகிற 5,500 நஷ்டம். நிகர லாபம் மாதம் 1,500. அந்த 1,500-க்காகப் பத்தாவது படிக்கிற பெண் வீடு மாற வேண்டும்.

நானும் வாடகைக்கு இருக்கிறவன். அட்வான்ஸில் வெள்ளையடித்த காசைக் கழிப்பார்களா, ஆணி அடித்ததற்குக் கணக்குக் கேட்பார்களா என்று பயந்தவன். 38 லட்சம் கொடுத்து வாங்கினால் நான் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டாலும் தவணை விடாது. அதிக விலைக்கு வாங்கப்பட்ட வீட்டின் பாரம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று பார்த்தால், விலை பேசின இடத்தில் இல்லாதவர் தலையில்தான்.

சட்டமும் இதில் சில விஷயம் சொல்கிறது. வீடு கைமாறிவிட்டது என்பதாலேயே குடியிருப்பவரின் ஒப்பந்தம் செத்துப்போவதில்லை. வாங்குகிறவர் பழைய வீட்டுக்காரரின் இடத்தில் வந்து நிற்கிறார். 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. இந்த வீட்டில் ஒப்பந்தக் காகிதம் 'எங்கேயோ இருக்கு'. இரண்டு போர்ஷனிலும் சேர்ந்து 60,000 அட்வான்ஸ், விற்கிறவர் கையில். அதை விலையில் கழித்துக்கொள்ளாவிட்டால் நாளை காலி செய்யும்போது நான் என் பையிலிருந்து கொடுக்க வேண்டும். 38 என்று விலை சொன்ன யாரும் இந்த 60,000-ஐப் பற்றி வாயே திறக்கவில்லை.

* * *

இத்தனை கணக்கையும் ஒரே வாக்கியத்தில் கவிழ்க்கக்கூடியவர் வீட்டில் இருக்கிறார். அம்மா. வயது 71.

"சொந்த வீட்ல ஒருதடவை பால் காய்ச்சிப் பாத்துடணும்ப்பா."

இதற்கு எந்தக் கால்குலேட்டரில் பட்டன் இருக்கிறது?

சிங்கப்பூரிலிருந்து மச்சான் போனில், "மாமா, அக்கா நகையை வெச்சுப் புரட்டிடுங்க. பவுன் விக்கிற விலைக்கு லோன் நல்லா கிடைக்கும்" என்றான். அதுவும் நிஜம். 2025-ல் சவரன் எண்பதாயிரத்தைத் தாண்டியபோது, பீரோவில் தூங்குகிற ஒட்டியாணத்துக்கெல்லாம் திடீர் மரியாதை வந்துவிட்டது. பற்றாக்குறை 3 லட்சம். ஐந்தாறு சவரன் வைத்தால் போதும். சகதர்மிணி மறுப்பேதும் சொல்லவில்லை. வளையலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி ஒரு பேப்பரில் நடுவே கோடு போட்டேன். ஒரு பக்கம் 'வாடகை வீடு'. இன்னொரு பக்கம் 'அம்மாவுக்கு வீடு'. அப்போதுதான் ஒன்று தெளிவாயிற்று. இரண்டு காரணங்களையும் கலந்து பேசுகிற வரை எந்த விலையும் நியாயமாகத் தெரியும். வாடகை போதவில்லை என்றால் 'அம்மா ஆசைப்படுகிறாள்' என்று சமாதானம். அம்மா அங்கே குடிபோக முடியாதே என்றால் 'வாடகை வருகிறதே' என்று சமாதானம். இப்படிச் சமாதானம் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். 8 லட்சம் ஏற்றம் அதற்குள் காணாமல் போய்விடும்.

ஆக, வாடகை வீட்டை வாடகையை வைத்து மட்டும் எடை போட்டேன். செலவு போகக் கையில் நிற்கும் வாடகை மாதம் சுமார் 9,300. என் சம்பளத்திலிருந்து, நகையைத் தொடாமல், யாரிடமும் கைமாற்று வாங்காமல் தரக்கூடியது 10,000. சேர்ந்து 19,300. 8 சதவீதத்தில் 20 வருஷத்துக்கு இது 23 லட்சம் லோனைச் சுமக்கும். கையிருப்பு 9 லட்சம். மொத்தம் 32. பதிவுச் செலவு, மற்ற செலவு 3 லட்சம் போனால், 29.

இந்த வீட்டுக்கு என் விலை 29 லட்சம். அண்டை வீடு எவ்வளவுக்குப் போனது, போன வருஷம் என்ன சொன்னார்கள், கார்ப்பரேஷன் எந்த கிரேடு - எதுவும் இதில் வராது. 2023-ல் சொன்ன 30-ஐவிட இது ஒரு லட்சம் குறைவு என்று பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாக 'போய்விட்டதே' என்று சுற்றி இருந்தவர்கள் துக்கம் விசாரித்த விலைக்குக்கூட இந்த வீடு எனக்குக் கட்டுபடியாகாது!

மறுநாள் புரோக்கர் அண்ணனிடம் சொன்னேன்: "29. முழுசும் வெள்ளை. அட்வான்ஸ் 60,000 அதுல கழியணும். குடியிருக்கிறவங்க இருப்பாங்க."

அண்ணன் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "36 வரைக்கும் பேசிப் பாக்குறேன் தம்பி" என்றார்.

"உங்களுக்கு எதுக்கண்ணே சிரமம். 36-ம் எனக்கு 38 மாதிரிதான்."

மூன்று வாரமாகப் போன் இல்லை. வீடு யாருக்காவது 38-க்கே போகலாம். எங்கிருந்தோ பணத்தோடு வருகிறவருக்கு லோன் கிடையாது, தவணை கிடையாது. அவர் கணக்கு வேறு. நாளைக்கு அதுவே 45 ஆனாலும் ஆகலாம். ஆகட்டும். அதைச் சுமக்க என்னிடம் சம்பளம் இல்லை என்பது அன்றைக்கும் உண்மையாகத்தான் இருக்கும்.

உங்களில் யாராவது இப்படி ஏறின விலையைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் இருந்தால், நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வில்லங்கச் சான்றை இன்டர்நெட்டிலேயே பாருங்கள், மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். பழைய சமஸ்தான ஊர்களில் கோயில் நிலம் அதிகம் என்பதால் அதையும் விசாரியுங்கள். கோயில் நிலமென்றால் பதிவே நடக்காது. வாடகை நஷ்டத்தைக் காட்டிச் சம்பள வரியைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். புதிய முறையில் அது முடியாது. இதெல்லாம் முடிந்த பிறகு, விற்கிறவர் சொல்கிற விலையை மறைத்து வைத்துவிட்டு, வாடகையிலிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போடுங்கள். உங்கள் எண் வந்த பிறகு அவர் எண்ணைத் திறந்து பாருங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால் டீ வாங்கிக் கொடுத்துப் பேசலாம். தூரத்தில் இருந்தால், டீ குடித்துவிட்டு வரலாம்.

பேப்பரின் இன்னொரு பக்கம்? அது இன்னும் பாக்கி இருக்கிறது. 9 லட்சமும் வளையலும் பத்திரமாக இருக்கின்றன. மச்சுவாடிப் பக்கம் ஒன்றரை சென்ட்டில் ஒரு சின்ன வீடு வந்திருக்கிறது. ஒரே போர்ஷன், ஓட்டுச் சாய்ப்பு, வாடகைக்கு விட லாயக்கில்லை. நாங்கள் இருக்கலாம். அதைப் போட்டோவில் காட்டி, "ரொம்பச் சின்னதா இருக்கும்மா" என்றேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"பால் பொங்குறதுக்கு எவ்வளவுப்பா இடம் வேணும்?"